எழும்பூர் மியூசியம்: அரை நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நங்கநல்லூர் மீனா

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. பையன் ஒன்பதாவது படிக்கிறான், சிந்துவெளி என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. பெண் நான்காவது. மியூசியம் என்று சொன்னாலே கொட்டாவி விடுகிறாள். டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பையன் ரொம்ப நாளாக நச்சரிக்கிறான். இந்த லீவில் அதற்கு வழியில்லை, சென்னையோடு சரி. அதனால் எழும்பூர்.

சனிக்கிழமை காலை போய் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிட வேண்டும், சாயங்காலம் ஒரு ரிசப்ஷன். நான் அங்கே கடைசியாகப் போனது பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோது. திமிங்கல எலும்புக்கூட்டைத் தவிர எதுவும் ஞாபகம் இல்லை. தொல்லியல் பக்கம் எதை விடவே கூடாது? ஹரப்பா பொருள் பார்க்கக் கிடைக்குமா? "அதுக்குப் பதிலா ஒருநாள் கீழடி போயிடலாமே" என்று வீட்டில் ஒருவர் வேறு குறுக்கே பேசுகிறார்.

புரசை பாலா

அக்கா, முதலில் நடைமுறை. வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை திறந்திருக்கும். காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள், பதினொன்றுக்கு மேல் பள்ளிக்கூடக் கூட்டம் வந்துவிடும். நங்கநல்லூர் என்றால் மெட்ரோவில் சுற்றிக்கொண்டு வராதீர்கள், பழவந்தாங்கலில் மின்சார ரயில் ஏறினால் நேரே எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் ரோட்டுக்கு ஆட்டோ எடுத்தால் போதும், குழந்தைகள் இல்லையென்றால் நடந்தே போகலாம்.

வளாகம் 16 ஏக்கருக்கு மேல். ஆறு கட்டடம், 46 காட்சிக்கூடம். அத்தனையும் பார்த்துவிடுகிறேன் என்று கிளம்பினால் கால்வலிதான் மிச்சம். கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டியிருக்கும், தண்ணீர் பாட்டில் கட்டாயம். கேமராவுக்குத் தனிச் சீட்டு உண்டு, நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குத் திமிங்கலத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதலிலேயே காட்டிவிட்டால் அப்புறம் கல்லும் பானையும் அவள் கண்ணில் ஏறாது.

திண்ணைப் பேச்சு

எங்கள் பாட்டி கடைசிவரை அதைச் "செத்த காலேஜ்" என்றுதான் சொன்னார். மிருகக்காட்சிசாலை "உயிர் காலேஜ்". 1855இல் அந்த மிருகக்காட்சிசாலையே இதே வளாகத்துக்குள்தான் தொடங்கியது, அப்புறம்தான் பீப்பிள்ஸ் பார்க், வண்டலூர் எல்லாம். சும்மா சொன்னேன், நீங்கள் தொடருங்கள்.

கல்திட்டை

ஹரப்பாவுக்காக எழும்பூர் போக வேண்டாம். சிந்துவெளி என்றால் டெல்லி ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகம்தான், அங்கே அதற்கென்றே தனிக் கூடம் இருக்கிறது. எழும்பூரில் பார்க்க வேண்டியது வேறு: ஆதிச்சநல்லூர்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் இடுகாடு. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் அங்கே முதலில் தோண்டினார். கிடைத்ததைக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்விட்டார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். அவர் எடுத்தவை சென்னைக்கு வந்தன. நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான். தாழிகள், இரும்பு வாள், ஈட்டி முனை, தூண்டில் முள், வெண்கலக் கிண்ணங்கள். கிண்ணத்து மூடியின் மேல் எருமை, சேவல், ஆடு என்று சின்னச் சின்ன உருவங்கள் நிற்கும், அவற்றைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டங்களும் அந்தச் சேகரிப்பில் உண்டு.

பெரும்பாலானவர்கள் இதை நின்று பார்ப்பதில்லை. துருப்பிடித்த இரும்பில் என்ன இருக்கிறது என்று நேரே சிலைகளுக்குப் போய்விடுகிறார்கள். இரும்பு துருவாகிப் போயும் வாளின் வடிவம் நிற்கிறது பாருங்கள், அதைச் செய்தவன் எத்தனை நீளத்துக்கு அடித்து இழுத்திருக்கிறான் என்று பையனிடம் கேளுங்கள்.

கீழடியும் நல்ல யோசனைதான், ஆனால் அது மதுரைப் பயணம். அரை நாளில் நடக்காது.

ஹிஸ்டரி டீச்சர்

மீனா, நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவள். ஒரு வழி சொல்கிறேன், வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் எந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது "எவ்வளவு பழசு?". பதிலாக ஒரு எண் கிடைத்ததும் அடுத்த பெட்டிக்கு ஓடிவிடுவார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். அதனால் நான் காலத்தைக் கேட்கவே விடமாட்டேன். "எந்த ஊரிலிருந்து வந்தது?" இந்த ஒரு கேள்விதான். ஊர் பெயரை நோட்டில் எழுத வேண்டும், தமிழ்நாட்டு வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டும். திருவாலங்காடு, திருவெண்காடு, நாகப்பட்டினம், ஆதிச்சநல்லூர், பல்லாவரம். "மிஸ், பல்லாவரத்தில எங்க மாமா வீடு இருக்கு" என்று ஒரு பிள்ளை கத்தும். அதற்குப் பிறகு அந்தக் கல்லை யாரும் கல் என்று ஒதுக்கமாட்டார்கள்.

தாழிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிற்பேன். புறநானூறு 256இல் ஒரு பெண் குயவனிடம் பேசுகிறாள். கணவனுக்கு ஈமத்தாழி செய்கிறாயே, அவனோடு எத்தனையோ வழி கடந்து வந்தவள் நான், எனக்கும் இடம் இருக்கும்படி அதை அகலமாகச் செய்துவிடு என்கிறாள். பாட்டை வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் தலையாட்டுவார்கள். தாழி எவ்வளவு பெரிய பானை என்று நேரில் பார்த்த பிறகுதான், ஒரு ஆளுக்கே நெருக்கமான அதில் இன்னொருத்தி இடம் கேட்கிறாள் என்பது உறைக்கும்.

டெல்லி கனவில் இருக்கும் பையனுக்கு ஒரு தகவல்: மொகஞ்சதாரோவின் நடன மங்கை வெறும் 10.5 சென்டிமீட்டர். புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் படம் போட்டுப் போட்டுப் பிள்ளைகள் அதை ஆளுயரச் சிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாமிரபரணிக்காரன்

டீச்சர் சொன்ன கேள்வியையே நான் திருப்பிக் கேட்கிறேன். எந்த ஊரிலிருந்து வந்தது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள், சரி. ஏன் இன்னும் அந்த ஊரில் இல்லை என்று யாராவது கேட்கிறார்களா?

எனக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம். சின்ன வயதில் அந்த ஆதிச்சநல்லூர் மேட்டில் மாடு மேய்த்தவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். ரீ தோண்டியது சென்னையில், யாகோர் தோண்டியது பெர்லினில், எங்களுக்கு மிஞ்சியது ஒரு அறிவிப்புப் பலகையும் கம்பி வேலியும். நூறு வருஷத்துக்கு மேல் இதுதான் நிலைமை. 2004இல் மறுபடி தோண்டினார்கள், முழு அறிக்கை வருவதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 2020 பட்ஜெட்டில் ஐந்து முக்கியத் தொல்லியல் இடங்களில் ஒன்றாக அறிவித்து, 2023 ஆகஸ்டில் தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டுத் தளக் காட்சியகம் திறந்தார்கள். போய்ப் பாருங்கள், தாழி இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே நின்று குனிந்து பார்க்கலாம். எழும்பூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பதும் இதுவும் ஒன்றா?

நெல்லையில் ரெட்டியார்பட்டி பக்கம் பொருநை அருங்காட்சியகம் என்று பெரிதாகக் கட்டியிருக்கிறார்கள். ரீ எடுத்த பொருட்கள் அங்கே வருவதுதான் நியாயம்.

அம்பத்தூர் அறிவு

அண்ணே, உணர்ச்சி புரிகிறது. ஆனால் 1900இல் அதை அங்கேயே விட்டிருந்தால் இன்று என்ன இருந்திருக்கும்? வெண்கலம் தோண்டி எடுத்ததும் அப்படியே இருந்துவிடாது. மண்ணில் இருந்த உப்பு உள்ளே இருந்தால் காற்று ஈரம் பட்டுப் பச்சைப் பச்சையாகப் பொடி பூத்துத் தின்றுகொண்டே போகும். அதைத் தடுக்க ஆய்வகம் வேண்டும். எழும்பூரில் 1930இலேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். இந்தியாவில் அப்போது இந்த வேலையைச் செய்தவர்கள் மிகக் குறைவு. அந்தச் சேவல் மூடி இன்றைக்கும் முழுசாக இருக்கிறதென்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

சென்னையில் இருந்தால் கோயம்புத்தூர்காரரும் பார்க்கிறார், வெளிநாட்டுக்காரரும் பார்க்கிறார். ஆதிச்சநல்லூருக்கு எத்தனை பேர் போவார்கள்?

தாமிரபரணிக்காரன்

எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் அளவுகோல் என்றால் எல்லாவற்றையும் லண்டனில் வைத்துவிடலாம். அங்கேதான் கூட்டம் அதிகம்.

ஆய்வகம் பற்றிச் சொன்னது 1930க்குச் சரி. இன்றைக்கு நெல்லையில் அந்த வசதி செய்ய முடியாதா?

கல்திட்டை

லண்டன் என்று சொன்னதும் அமராவதி ஞாபகம் வருகிறது. எழும்பூரில் ஆதிச்சநல்லூருக்கு அடுத்து அதைத்தான் சொல்ல இருந்தேன், இந்த வாதத்துக்கும் அதுவே பொருத்தம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குண்டூர் பக்கம் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி ஸ்தூபி. சாதவாகனர் காலத்தில் உச்சத்தில் இருந்தது. 1790களில் அந்த ஊர் ஜமீன்தார் கட்டடக் கல்லுக்காக மேட்டைத் தோண்டச் சொன்னார். செய்தி கேட்டு நில அளவை அதிகாரி காலின் மெக்கன்சி 1797இல் வந்து பார்த்தார். 1816இல் மறுபடி வரைபடக்காரர்களோடு வந்தபோது நிறையக் கல் போய்விட்டிருந்தது, மேட்டின் நடுவைக் குடைந்து குளமாக்கியிருந்தார்கள். அவர் வரைந்து வைத்த படங்கள் இல்லையென்றால் பல பலகைகள் எப்படி இருந்தன என்றே நமக்குத் தெரிந்திருக்காது. 1845இல் வால்டர் எலியட் தோண்டி, கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் அவை வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. 1859இல் ஒரு பெரும் பகுதி கப்பலில் லண்டன் போனது. அங்கேயும் சில வருஷம் வண்டிக் கொட்டகையில் கிடந்து, அப்புறம்தான் கட்டடக்கலை வரலாறு எழுதிய ஃபெர்குசன் கண்ணில் பட்டது. இன்று ஒரு பங்கு பிரிட்டிஷ் மியூசியத்தில், இன்னொரு பெரும் பங்கு எழும்பூரில், மீதி அமராவதியிலேயே தளக் காட்சியகத்தில்.

ஊரில் விட்டிருந்தால் சுண்ணாம்புச் சூளைக்குப் போயிருக்கும் என்று அறிவு தம்பி சொல்லலாம். உண்மை. நகரத்துக்குக் கொண்டுவந்ததால் காப்பாற்றிவிட்டார்கள் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. மழையில் போட்டார்கள், அப்புறம் சுவரில் சாந்து வைத்துப் பதித்தார்கள், அந்தச் சாந்தின் உப்பே கல்லை அரித்தது. காப்பாற்றியதும் கெடுத்ததும் ஒரே கைதான்.

அதையெல்லாம் விடுங்கள் மீனா. அந்தக் கூடத்தில் நளகிரி யானை வட்டப் பலகையைத் தேடிக் கண்டுபிடியுங்கள். புத்தரைக் கொல்ல மதம்பிடித்த யானையை ஏவிவிட்ட கதை. ஒரே வட்டத்துக்குள் இரண்டு நேரத்தைச் செதுக்கியிருக்கிறான். ஒரு பக்கம் தெருவில் யானை ஆளைத் தும்பிக்கையில் பிடித்துச் சுழற்றுகிறது, ஜனம் சிதறுகிறது. இன்னொரு பக்கம் அதே யானை புத்தர் காலடியில் மண்டியிட்டுக் கிடக்கிறது. மாடி ஜன்னலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள், பயந்த பெண் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்கிறாள். நான்காவது படிக்கும் பெண்ணுக்கு இது சினிமா மாதிரி ஓடும்.

விஜயவாடா வாசு

இங்கே வேலை நிமித்தம் இருக்கும் தமிழன். கல்திட்டை சொன்ன கதையைக் குண்டூர்க்காரர்கள் இன்னும் சூடாகச் சொல்வார்கள். லண்டனில் இருப்பதைக் கேட்பது போலவே சென்னையில் இருப்பதையும் கேட்கிறார்கள். மாநிலம் பிரிந்தபோது நிலம் பிரிந்தது, நதிநீர் பிரிந்தது, கல் மட்டும் எழும்பூரிலேயே நின்றுவிட்டது.

பெர்லினில் இருப்பது திரும்பி வரவேண்டும் என்று தமிழ்நாட்டில் கேட்கிறோம். அமராவதிக்காரர் நம்மிடம் அதையே கேட்டால் ஆய்வகம், பார்வையாளர் எண்ணிக்கை என்று பேசுகிறோம். தாமிரபரணி அண்ணன் பேச்சு நியாயம் என்றால் குண்டூர்க்காரன் பேச்சும் நியாயம்தானே?

தாமிரபரணிக்காரன்

ஆமாம். நியாயம்தான். கொடுத்துவிட வேண்டியதுதான்.

அம்பத்தூர் அறிவு

கேட்பவர் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1947ஐப் பாருங்கள். மொகஞ்சதாரோவில் கிடைத்த பொருட்களை இந்தியாவும் பாகிஸ்தானும் பங்கு போட்டன. நடன மங்கை டெல்லிக்கு, தாடி வைத்த 'பூசாரி அரசன்' சிலை இப்போது கராச்சியில். ஒரு மணிமாலையைக்கூட அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். சொத்துத் தகராறில் வீட்டுக்கு நடுவே சுவர் வைப்பார்களே, அதேதான். நான் கேட்பது இவ்வளவுதான்: ஒன்றாகக் கிடைத்தவை ஒன்றாக இருக்கட்டும். எந்த ஊரில் என்பது இரண்டாவது.

ஹிஸ்டரி டீச்சர்

அறிவு, "ஒன்றாக இருக்கட்டும்" என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் ரீ எடுத்தவையும், 2004இல் எடுத்தவையும், அதற்குப் பிறகு எடுத்தவையும் இப்போது வேறு வேறு இடங்களில் அல்லவா இருக்கின்றன? ஒரே இடுகாட்டுப் பொருளை ஒரு ஆராய்ச்சி மாணவர் பார்க்க வேண்டுமென்றால் ரயிலும் விமானமும் ஏற வேண்டும். உங்கள் வாதம் எழும்பூருக்கு அல்ல, நெல்லைக்குத்தான் ஆதரவாகப் போகிறது.

மீனா கேட்டதை மறந்துவிட்டோம் போலிருக்கிறது.

சுவாமிமலை ஸ்தபதி வீட்டு மருமகள்

படிமக் கூடத்தைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே! எழும்பூருக்குப் போய் வெண்கலம் பார்க்காமல் வந்தால் சாப்பிடப் போய்ப் பாயசம் மட்டும் குடித்துவிட்டு வந்தேன் என்று சொன்ன கதைதான்.

திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். அதன் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பிரான்ஸில் சிற்பி ரோதின் 1913இல் சிவ நடனம் பற்றிக் கட்டுரை எழுதினார், நேரில் வந்து பார்க்கவில்லை. திருவெண்காட்டு அர்த்தநாரியையும் விடாதீர்கள். முன்னால் நின்று பார்த்துவிட்டு நகராமல் இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் இடுப்பு நேராக இறங்கும், இன்னொரு பக்கம் வளைந்து ஒதுங்கும், ஆனால் நடுவில் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. எங்கள் மாமனார் இந்தச் சிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல: தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தை முழுசாக மெழுகிலேயே செய்வார்கள். காவிரி வண்டலைப் பூசிப் பூசிக் காயவைத்து, கம்பி கட்டி, சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அச்சு அதோடு போச்சு. அதனால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான், இன்னொன்று வேண்டுமென்றால் மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும். வடக்கே பல இடங்களில் உள்ளே களிமண் வைத்துக் கூடாகவும் வார்ப்பார்கள். நம் சோழர் சிலைகள் முழுக்கக் கெட்டி. தூக்கப்போனால் தெரியும்!

நாகப்பட்டினத்து புத்தர்களும் அங்கே உண்டு. 1856இலிருந்து அந்த ஊரில் அவ்வப்போது தோண்டும்போதெல்லாம் கிடைத்தவை, எல்லாம் சேர்த்து சுமார் 350. சோழ நாட்டுத் துறைமுகத்தில் புத்த விகாரை இருந்தது என்று படித்தால் ஒரு வரி, வரிசையாக அந்தச் சின்ன புத்தர்களைப் பார்த்தால் வேறு.

புரசை பாலா

கோயில் சாமி எப்படி மியூசியத்துக்கு வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதில் வைத்துக்கொள்ளுங்கள். பல சிலைகள் ஏதோ ஒரு காலத்தில் பயத்தில் மண்ணுக்குள் புதைக்கப்பட்டவை. பிறகு உழும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைத்தால், 1878 புதையல் சட்டப்படி கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். அங்கிருந்துதான் எழும்பூர்.

அண்ணன் பையன் பற்றிய கவலை

என் பையனும் இதே கேஸ். அவனுக்குச் சிந்துவெளி முடிந்து இப்போது இரும்பு பிடித்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் இரும்பு கி.மு. 3345 என்று அரசே வெளியிட்டது, உலகத்திலேயே தமிழன்தான் முதலில் இரும்பு உருக்கினான் என்று யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் முழங்குகிறான். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இதை நம்பலாமா?

கல்திட்டை

2025 ஜனவரியில் வெளியான அறிக்கை அது. முழங்குவதற்கு முன் பையன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: எந்தப் பொருளை அளந்தார்கள்?

கார்பன் முறையில் அளப்பது ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததை. கரி, நெல், எலும்பு. உயிர் போனதும் கார்பன் 14 குறைய ஆரம்பிக்கும், 5,730 ஆண்டில் பாதியாகும். சிவகளைத் தாழியில் இரும்போடு கிடந்த கரியைத்தான் அளந்தார்கள். கரி சொல்வது அந்த மரம் எப்போது உயிரோடு இருந்தது என்பதை. இரும்பும் அதே நாளில் உள்ளே போனது என்பதை மண் அடுக்கு சொல்ல வேண்டும். அதே சிவகளையில் ஒரு தாழி நெல்லுக்குக் கி.மு. 1155 வந்தது. இடையில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல். இரண்டும் சரியாக இருக்கலாம், இடுகாடு அத்தனை காலம் பயன்பட்டிருக்கலாம். மண் எப்போது கடைசியாக வெளிச்சம் பார்த்தது என்று அளக்கும் முறையிலும் சோதித்திருக்கிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனாலும் இன்னும் நான்கு இடங்களில் இதே வயது வரட்டும், அதுவரை முழக்கத்தைக் கொஞ்சம் மெதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

கி.மு. 2172 என்று கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்கு வந்ததே போதுமான அதிசயம். அதை யாரும் பேசுவதில்லை, அதைவிடப் பெரிய எண் வந்துவிட்டது.

தாமிரபரணிக்காரன்

கல்திட்டை அண்ணனுக்கு எங்கள் ஊர் எண் என்றால் மட்டும் சந்தேகம் வரும் :)

கல்திட்டை

எல்லா ஊர் எண்ணுக்கும் வரும். ஆதிச்சநல்லூர் கி.மு. 905க்கு நான் ஒன்றும் சொல்லவில்லையே!

நங்கநல்லூர் மீனா

போய்விட்டு வந்தோம். உங்கள் சண்டையையும் ரயிலில் படித்துக்கொண்டே போனேன், நன்றி.

டீச்சர் சொன்னபடி இருவர் கையிலும் நோட்டு கொடுத்து ஊர் பெயர் எழுதச் சொன்னேன். பெண் பெயரை மட்டும் எழுதவில்லை, பக்கத்தில் படமும் போட்டாள். நளகிரி யானைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், யானை ஏன் இரண்டு என்று அவளே கண்டுபிடித்தது எனக்குப் பெருமை. "இந்த ஆளு அண்ணன மாதிரியே பயந்து ஒளியறான்" என்று ஓரத்தில் இருந்த ஒருவனைக் காட்டினாள்.

பையன் ஆதிச்சநல்லூர் இரும்பைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது: "இதெல்லாம் பொதைச்சவங்களோட வீடு எங்க? அவங்க எங்க குடியிருந்தாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

அர்த்தநாரி பார்த்தோம். திமிங்கலத்துக்கு நேரம் இல்லை, அண்ணி அவசரப்படுத்திவிட்டார். பெண்ணுக்குக் கோபம்.

இன்னொன்று. பல்லாவரம் கல் என்று டீச்சர் எழுதியிருந்தாரே, அது என்ன? பழவந்தாங்கலிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன்தானே பல்லாவரம், பையன் அங்கே போகலாமா என்கிறான்.

ஹிஸ்டரி டீச்சர்

பையன் கேட்டது சரியான கேள்வி. நூறு வருஷம் தாழியையே தோண்டிக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பைத் தேட ஆரம்பித்தது பிற்பாடுதான். ஆதிச்சநல்லூரைச் சுற்றிக் குடியிருப்புத் தடயம் இப்போது கிடைத்து வருகிறது. கீழடி பெரிதாகப் பேசப்பட்டதற்கு அதுவும் காரணம். அங்கே கிடைத்தது செங்கல் சுவர், உறைகிணறு, "ஆதன்" என்று பெயர் கீறிய பானை ஓடு, எல்லாம் வாழ்ந்த இடத்துப் பொருள். கீழடி மக்களைப் புதைத்த இடம் பக்கத்திலேயே கொந்தகை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம், கீழடி அருங்காட்சியகமே கொந்தகையில்தான் இருக்கிறது. வீட்டில் குறுக்கே பேசியவரிடம் அடுத்த லீவுக்கு டிக்கெட் போடச் சொல்லுங்கள்.

பல்லாவரத்தில் போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அதிகாரி அங்கே சரளை மண் தோண்டிய குழியில் ஒரு கல்லை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சான்று அதுதான். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ச் சேர்த்த கற்களை எழும்பூர் மியூசியம் 1904இல் அவரிடமிருந்து வாங்கியது.

கல்திட்டை

அதே வருஷம் செப்டம்பரில் ஃபூட், வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார். திருவள்ளூர் பக்கம், கொசஸ்தலை ஆற்றங்கரை. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல வருஷம் தோண்டி, 2011இல் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று வெளியிட்டார்கள். கார்பன் அத்தனை தூரம் எட்டாது, கல் மண்ணுக்குள் புதைந்த பிறகு விண்கதிர்த் தடயம் எவ்வளவு தேய்ந்தது என்று பார்த்துக் கணித்தார்கள். பையனிடம் சொல்லுங்கள், சிந்துவெளி இதற்கு முன்னால் நேற்று நடந்த சமாச்சாரம்.

பக்கத்தில் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் கற்கால அகழ்வைப்பகம் இருக்கிறது, 1985இலிருந்து. சின்னது, ஆனால் கற்கள் எல்லாம் அந்த வட்டாரத்துக் கற்கள். தாமிரபரணி அண்ணனுக்குப் பிடிக்கும்.

நங்கநல்லூர் மீனா

பூண்டிக்குப் பஸ் உண்டா? ஞாயிற்றுக்கிழமை போகலாமா? அண்ணன் குடும்பம் திங்கள் ராத்திரிதான் கிளம்புகிறது.

திருவள்ளூர் செல்வி

திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கே பஸ் ஸ்டாண்டில் பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் போகும் பஸ் கிடைக்கும். நான்கைந்து பேர் என்றால் ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது, திரும்பி வரும்போது காத்திருக்க வேண்டாம். ஞாயிறு திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்னாடியே போனில் கேட்டுவிடுங்கள். ஏரிக்கரையில் நல்ல ஹோட்டல் எதிர்பார்க்காதீர்கள், புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். யாராவது குடியம் குகைக்கும் போகலாம் என்பார்கள், அது காட்டுக்குள் நல்ல நடை, இந்த வெயிலில் சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு வேண்டாம்.